பத்துக்குப் பத்து போட்ட கை

“கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் எய்டட் (அரசு உதவி பெறும்) தமிழ்ப் பள்ளியில் என் தங்கை ஆசிரியையாகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. வகுப்பு எடுப்பது பிடித்திருக்கிறது என்கிறாள். ஆனால் மாதம் ஒருமுறையாவது வேலையை விட்டுவிடுகிறேன் என்று அழுகிறாள். கண்டிப்பு இருந்தால்தானே பள்ளிக்கூடம் உருப்படும்? ஆசிரியர்களுக்கு ஏன் இவ்வளவு சலிப்பு?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் தங்கை எந்தப் பள்ளியில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அந்த ஊர்க்காற்று தெரியும். வேலந்தாவளத்துக்கும் கோபாலபுரத்துக்கும் இடைப்பட்ட பாலக்காட்டு எல்லை ஓரத்துக் கேரள அரசுப் பள்ளிகளில் முப்பது வருடம் தமிழ் எடுத்தேன். பழைய ஆட்களைக் கேரளத்தில் 56 வயதில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால் திண்ணைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். என் மனைவி அந்தப் பக்கம், பொள்ளாச்சி வட்டாரத்தில், தமிழ்நாட்டு அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அங்கே 60 வரை உண்டு. இன்றும் காலை ஏழேகாலுக்குச் செக்போஸ்ட்டைத் தாண்டி பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார். ஆக, ஒரே வீட்டில் இரண்டு மாநிலத்துப் புலம்பலையும் கேட்டு வயிறு நிறைந்தவன் நான்.

கண்டிப்பு என்றாலே ஆசிரியர்களுக்கு ஆகாது என்று நினைக்கிறீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குள் வருவார். கடைசி பெஞ்சில், பையன்களோடு பையனாக, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்காருவார். பாடம் முடியும் நேரத்தில் ஏதாவது ஒரு பிள்ளையை எழுப்பி, கைக்கு வந்த பக்கத்தைத் திறந்து கொடுத்துப் படிக்கச் சொல்வார். பிள்ளை திக்கினால் பிள்ளையை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மாலையில் என்னைக் கூப்பிட்டு, “மாஷே, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் இருக்கிறவன் ஒற்றெழுத்து வந்தால் தாண்டிக் குதித்து ஓடுகிறான். அடுத்த மாதம் மறுபடி வருவேன்” என்பார். வருவார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அவரைவிடக் கண்டிப்பான மனிதரை இன்றுவரை நான் பார்த்ததில்லை. அவருக்குக் கீழே இருந்த ஆறு வருடத்தில் வேலையை விட வேண்டும் என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லை.

உங்கள் தங்கையிடம் வருகிற கண்டிப்பு வேறு ரகம். அது வகுப்புக்குள் வராது. ஆபீஸ் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கோப்பைக் கேட்கும். டீச்சிங் மேனுவல் என்கிற பாடத்திட்டக் குறிப்பு இந்த வாரம் வரை எழுதியாகிவிட்டதா, எஸ்.ஆர்.ஜி. என்கிற ஆசிரியர் குழுக் கூட்டக் குறிப்பில் எல்லோர் கையெழுத்தும் இருக்கிறதா, ‘சம்பூர்ணா’ இணையப் பதிவேட்டில் பிள்ளைகளின் விவரம் ஏற்றியாகிவிட்டதா, ஜூன் 19 வாசிப்பு நாளுக்குப் போட்டோ அனுப்பினீர்களா, எல்.எஸ்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்கு எத்தனை பேர். இவற்றில் ஒன்றுகூடத் தப்பான கேள்வி இல்லை, அதுதான் வினை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே நியாயம். மொத்தமாகச் சேரும்போது, ஜன்னலோரப் பையனிடம் போய் உட்கார நேரம் இருக்காது. வாசிப்பு நாள் போட்டோவில் அவனும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். புத்தகம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வோம்.

தமிழ்வழி என்பதால் இன்னொரு சுமையும் உண்டு. சுற்றறிக்கை மலையாளத்தில் வரும். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டி நடத்தும் கிளஸ்டர் பயிற்சி மலையாளத்தில் நடக்கும். கோயம்புத்தூரில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்த பெண், அரைகுறையாகப் புரிந்துகொண்டதை இரவு வீட்டில் உட்கார்ந்து தமிழாக்கி, மறுநாள் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். மலையாளத்திலிருந்து பெயர்த்த கேள்வித்தாளில் ஒரு வாக்கியம் தலைகீழாக நின்றால், பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். தேர்வறையில் விளக்கம் சொல்லக் கூடாது. நான் மேற்பார்வைக்கு நின்ற ஒரு நாளில், கேள்வியே புரியாமல் முப்பது பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு வாய் மூடி நின்றிருக்கிறேன். அந்தப் பாடத்தில் மதிப்பெண் குறைந்ததற்கு விளக்கம் கேட்டு வந்த தாளும் மலையாளத்தில்தான் இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும்.

கேரளத்துப் பத்தாம் வகுப்பில் தமிழ்த்தாள் ஒன்றுக்கு எழுத்துத் தேர்வு 40, தொடர் மதிப்பீடு 10. பெரிய பாடங்களுக்கு அது 80-ம் 20-ம். இந்தத் தொடர் மதிப்பீட்டை, சி.இ. என்போம், ஆசிரியரே போடுவார். வருடம் முழுவதும் பிள்ளை செய்த வேலையைப் பார்த்துப் போட வேண்டியது. எண்ணம் நல்ல எண்ணம். ஒன்றரை மணி நேரத் தேர்வில் தடுமாறுகிற பிள்ளையின் உழைப்புக்கும் ஓரிடம் வேண்டும் அல்லவா. ஆனால் அப்போது தேர்ச்சிக்குத் தேவைப்பட்டது இரண்டும் சேர்த்து 30 விழுக்காடு, அதாவது ஐம்பதுக்குப் பதினைந்து. ஆசிரியர் பத்துக்குப் பத்து போட்டுவிட்டால், பிள்ளை நாற்பதுக்கு ஐந்து எடுத்தால் போதும், கரை சேர்ந்துவிடும். இந்தக் கணக்கு தெரிந்தபின் பத்துக்கு ஆறு போட எந்த ஆசிரியருக்குக் கை வரும்? ஒரு வருடம் நான் போட்டுப் பார்த்தேன். ஆறு, ஏழு, நான்கு என்று உள்ளபடி போட்டேன். “பக்கத்துப் பள்ளியில் எல்லோருக்கும் ஒன்பதும் பத்தும். நம் பிள்ளைகள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்? பி.டி.ஏ.வுக்கு யார் பதில் சொல்வது?” என்று கேட்டார்கள். கேட்டதிலும் நியாயம் இருந்தது. அடுத்த வருடம் முதல் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து.

அப்படிப் பத்து வாங்கிய ஒரு பையன் தேறி, இரண்டு வருடம் கழித்து ஒரு எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்தான். நடத்துபவர் எனக்குத் தூரத்துச் சொந்தம், மாமன் முறை. ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். போனேன். ஒரு கட்டு எடைச்சீட்டை எடுத்து மேசையில் போட்டார். லாரி எண் தப்பு. சரக்கு என்ற இடத்தில் தேங்காய் என்று இருக்க வேண்டியது, ‘தேகய்’ என்று இருந்தது. பக்கத்தில் அவனுடைய மதிப்பெண் சான்றிதழின் நகல். தமிழில் பி பிளஸ். “மாப்பிள்ளை, இது நீ போட்டதா?” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. பையன் வெளியே ஒரு லாரிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, “மாஷ், டீ சொல்லட்டுமா?” என்று ஓடி வந்தான்.

ஆசிரியர்களின் சலிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் அந்த எடைமேடையைத்தான் காட்டுவேன். வேலை அதிகம் என்பதால் யாரும் அழுவதில்லை. மழைக்காலத்தில் வராத பிள்ளையைத் தேடிக் கள்ளிவேலி தாண்டி வீடு வீடாகப் போன டீச்சர்களை நான் அறிவேன், யாரும் சலித்துக்கொண்டதில்லை. பொய் எழுத வேண்டியிருக்கிறது, அதுவும் அழகான கையெழுத்தில் எழுத வேண்டியிருக்கிறது, அதற்குப் பாராட்டும் வாங்க வேண்டியிருக்கிறது. மனிதனை அரிப்பது அதுதான்.

2024-இல் கேரளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 99.69 விழுக்காடு. எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்கள் 71,831 பேர். உழைத்து வாங்கிய பிள்ளைகளைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நூற்றுக்கு நூறைத் தொட்டுக்கொண்டு நிற்கிற எண், பள்ளிகளுக்கு இடையே எந்த வேறுபாட்டையும் காட்டாது. அதனால் போட்டி தேர்ச்சியிலிருந்து ‘புல் ஏ பிளஸ்’ எண்ணிக்கைக்குத் தாவியது. கவலைக்கிடமான பையனை விட்டுவிட்டு, ஒரு பாடத்தில் ஏ வாங்கி நிற்கிற பெண்ணை ஏ பிளஸ்ஸுக்குத் தள்ளுவதில் பள்ளியின் நேரம் போகிறது. மே மாதம் கடைவீதியில் பிளெக்ஸ் தட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தட்டியில் இடம் கிடைக்காத பிள்ளைகளின் ஆசிரியருக்கும் அதில் ஒரு செய்தி இருக்கிறது.

எல்லையைத் தாண்டினால் நிலைமை மாறும், சலிப்பு மாறாது. என் மனைவியின் பக்கத்தில் பேச்செல்லாம் ‘நூறு சதவீதம்’ பற்றித்தான். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண். ரிசல்ட் வந்த வாரமே முதன்மைக் கல்வி அலுவலர் மீளாய்வுக் கூட்டம் வைப்பார். பாட வாரியாக விழுக்காடு குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். திரும்பி வந்த தலைமையாசிரியர் தான் பட்டதை வட்டியோடு கணக்கு டீச்சரிடம் இறக்குவார். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு. தேறுவதற்கு மட்டும் போதுமான கேள்விகளைத் தொகுத்த ஒரு மெட்டீரியல் இருக்கும். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு வருடம் முழுவதும் அதுவே புத்தகம். வரைபடக் கேள்வி ஒன்று, செய்முறை வடிவியல் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் பதினாறு மதிப்பெண். என் மனைவி பின்னம் கூட்டத் தெரியாத பிள்ளைக்குப் பரவளையம் வரையக் கற்றுக்கொடுக்கிறார். அவனும் வரைந்துவிடுகிறான். அது என்ன என்று இருவருமே பேசிக்கொள்வதில்லை.

இதில் அசிங்கமான பகுதி ஒன்பதாம் வகுப்பில் நடக்கும். ‘இவன் பத்தில் தேற மாட்டான்’ என்று தோன்றுகிற பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு போனால் எல்லோருக்கும் நல்லது என்று பக்குவமாகச் சொல்கிற வழக்கம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். எங்கள் பகுதியில் அந்த அப்பாக்களில் சிலர் நேராக எல்லை தாண்டி எங்களிடம் வருவார்கள், கேரளத்தில் எல்லோரையும் தேற்றிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு. மாணவர் பதிவுக்கு அங்கே ‘எமிஸ்’ எண், இங்கே ‘சம்பூர்ணா’ எண். ஒன்றிலிருந்து உதிர்ந்து இன்னொன்றில் ஒட்டும்வரை அந்தப் பிள்ளை இரண்டு மாநிலக் கணக்கிலும் இடைநின்றவன். எந்த எடைமேடைக்குப் போகிறானோ.

சிறு வகுப்புகளிலும் இதே சங்கதிதான். தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தார்கள். யோசனை எனக்குப் பிடித்திருந்தது. என் பழைய தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செய்ததைத்தானே திட்டமாக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் யார் அரும்பு, யார் மொட்டு என்று கைப்பேசிச் செயலியில் பதிவு செய்வதும், அதற்கான மதிப்பீடும், சிக்னல் கிடைக்காத வகுப்பறையில் அதைத் திரும்பத் திரும்ப ஏற்றுவதுமே வேலையாகப் போய்விட்டது என்று என் மனைவியின் தோழி ஒருவர் சொல்வார். டீச்சர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வகுப்பில் அரும்பு என்ன செய்யும்? பக்கத்து அரும்பைக் கிள்ளும்.

இதெல்லாம் இன்றைய நோய் என்று எண்ண வேண்டாம். 1862-இல் இங்கிலாந்தில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஆய்வாளர் வந்து பிள்ளைகளைப் படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார், தேறுகிற தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம். ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்று ஊகிக்க உங்களுக்கு ஆசிரியர் பயிற்சி தேவையில்லை. வாசகப் புத்தகத்தை முழுவதும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அதை நடத்திப் பார்த்துவிட்டுத்தான் கைவிட்டார்கள். நம் நாட்டில் 1993-இல் யஷ்பால் குழு, புத்தகப் பையின் எடையைப் பற்றிக் கேட்டதற்கு, பையைவிடக் கனமானது புரியாமல் படிக்கும் சுமை என்று பதில் சொன்னது. அந்த ஒரு வரியை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் மேற்கோள் காட்டுவார்கள். மேற்கோள் காட்டி முடித்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்பார்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம், பாடத் தயாரிப்பும் சேர்த்து. 27-ஆம் பிரிவின்படி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இம்மூன்றையும் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது. விலக்கு மூன்றே மூன்றுதான், ஆனால் அந்த மூன்றாவது கதவு அகலமானது. 2025 நவம்பரில் இரு மாநிலத்திலும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, படிவக் கட்டோடு வீடு வீடாக அலைந்தவர்களில் எத்தனை ஆசிரியர்கள் என்று உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். அந்த மாதத்துப் பாடம் டிசம்பர் தேர்வுக்குள் எப்படியும் முடிந்தாக வேண்டும். முடிந்ததாக எழுதியும் ஆகிவிடும்.

சனிக்கிழமை விவகாரத்தில் ஆசிரியர்களை ஊரே சோம்பேறி என்றது. 2024-25 நாட்காட்டியில் 25 சனிக்கிழமைகளைச் சேர்த்து 220 வேலை நாள் என்று கேரள அரசு போட்டது. சங்கங்கள் வழக்குப் போட்டன, ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த வருடம் உயர்நிலை வகுப்புகளுக்கு வெள்ளி தவிர்த்துத் தினம் அரை மணி நேரம் கூட்டினார்கள். எனக்கு இதில் பெரிய கோபம் கிடையாது. நேரம் கூட்டினால் கூட்டட்டும். வகுப்பு நேரம் என்று கூட்டிவிட்டு அதையும் கோப்புக்குத் தின்னக் கொடுக்காமல் இருந்தால் சரி.

ஒரு விஷயத்தில் என் பழைய சகாக்களோடு ஒத்துப்போக மாட்டேன். எட்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வில் மட்டும் பாடத்துக்கு 30 விழுக்காடு எடுக்க வேண்டும் என்று 2024-25 முதல் கேரளம் கொண்டுவந்த குறைந்தபட்ச மதிப்பெண் முறையை நான் ஆதரிக்கிறேன். ஒன்பதுக்கும் பத்துக்கும் படிப்படியாக வருகிறது. அது கடுமை என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பத்துக்குப் பத்து போட்ட என் கைக்கு அது ஒரு விலங்கு, வேண்டியதுதான். எடுக்காத பிள்ளையை அதே வகுப்பில் உட்கார வைக்காமல், கூடுதல் வகுப்பு நடத்தி மறுதேர்வு வைக்கச் சொல்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வியை யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கூடுதல் வகுப்பும் ‘நடத்தப்பட்டது, போட்டோ இணைக்கப்பட்டுள்ளது’ என்று முடிந்துவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

கண்டிப்பு மேலிருந்து கீழே ஓடும்போது கடைசியில் தேங்குவது பிள்ளையிடம். அடிக்கக் கூடாது என்பது சட்டம், 17-ஆம் பிரிவு, நல்ல சட்டம். பிரம்பு போனது. அதன் இடத்துக்கு வாய் வந்தது. “உன் ஒருத்தியால் என் ரிசல்ட் போகிறது” என்று ஒரு டீச்சர் எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன். அந்த டீச்சர் கெட்டவர் இல்லை, அந்தப் பெண்ணுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அன்று காலை அவரிடம் யார் என்ன சொன்னார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

உங்கள் தங்கைக்கு என்ன சொல்வது? கோப்புகளை எதிர்த்துப் போராடச் சொல்ல மாட்டேன், மூன்று வருடச் சர்வீஸில் அது ஆகிற காரியம் இல்லை. கேட்கிற தாளைக் கொடுத்துவிடட்டும், அழகு பார்க்க வேண்டாம். நாற்பது பக்கம் எழுதினாலும் நான்கு பக்கம் எழுதினாலும் யாரும் படிப்பதில்லை என்பதை நான் இருபது வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். பையில் ஒரு சின்ன நோட்டு தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், யாருக்கும் காட்டாத நோட்டு. அதில் பிள்ளைகளின் பெயர், யார் எந்த எழுத்தில் திக்குகிறார்கள் என்பது மட்டும். தினம் இரண்டு பிள்ளை, பத்து நிமிடம், மதிய உணவு மணி அடிக்கும் முன். இன்னொன்று, பிள்ளையின் நிலையைப் பெற்றோரிடம் உள்ளபடி சொல்லிவிட வேண்டும், தமிழில், நேருக்கு நேர். சி.இ. தாளில் பத்து இருந்தாலும் ‘உங்கள் பையனுக்கு இன்னும் சரளமாகப் படிக்க வரவில்லை’ என்று ஜூலையிலேயே சொல்லலாம். நான் சொல்லியிருந்தால் அந்த எடைச்சீட்டுகள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

வேலையை விடுவது பற்றி. முதலில் கல்வித் துறையின் நியமன ஒப்புதல் வந்துவிட்டதா என்று கேளுங்கள். எய்டட் பள்ளிகளில் ஒப்புதல் வராமல் முழுச் சம்பளம் இல்லாமல் இழுத்தடிக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த அழுகைக்கு நான் மேலே எழுதிய எதுவும் காரணம் இல்லை, வேறு பேச்சு பேச வேண்டும். ஒப்புதல் வந்துவிட்டது என்றால், ஜூனில் ஆறாம் வேலை நாள் கழியும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம். அன்றைய தலை எண்ணிக்கையை வைத்துத்தான் டிவிஷன், அதாவது வகுப்புப் பிரிவு, நிற்குமா, அவருடைய பணியிடம் நிற்குமா என்பது தெரியும். மே மாதம் முழுவதும் பிள்ளை பிடிக்க ஊர் ஊராக அனுப்புவார்கள், அதுதான் வருடத்திலேயே மனம் மிகவும் கசந்து கிடக்கும் காலம். நான் இரண்டு முறை ராஜினாமாக் கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டும் மே மாதத்தில்.